மூளையில் கோடு வரைதல்

மூளையைக் கோட்டுருவாக எழுத முனைபவர் முதலில் இரண்டு முடிவுகளை எடுத்தாக வேண்டும்: எதைக் கணு என்பது, எந்த இரண்டு கணுக்களுக்கிடையே கோடு போடுவது. இவை முடிவானபின் கணிதம் தன் வேலையைத் தடையின்றிச் செய்யும். ஒவ்வொரு கணுவிலும் எத்தனை கோடுகள் வந்து சேர்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகக் குறைந்தது எத்தனை கோடுகளைக் கடக்க வேண்டும், எந்தக் கணுக்கள் தங்களுக்குள் நெருங்கிக் குழுமமாகின்றன, எதை நீக்கினால் மொத்தமும் துண்டாகும் என்றெல்லாம் பிசகின்றிச் சொல்லிவிடும். போட்ட கோடு உண்மையில் இருக்கிறதா என்று மட்டும் அது கேட்காது. 1736ஆம் ஆண்டில் லியோன்ஹார்ட் ஆய்லர் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பாலங்களை வைத்து இந்தத் துறைக்கு வித்திட்டபோது, அங்கே ஏழு பாலங்கள் இருந்தனவா என்று யாரும் ஐயப்படவில்லை. ஆற்றங்கரைக்குப் போனால் எண்ணிவிடலாம். உயிருள்ள மனித மூளையில் அப்படி எண்ண வழியில்லை. கடந்த கால் நூற்றாண்டாகக் கோட்டுருவியலும் மூளைப் படமெடுப்பும் சேர்ந்து நடந்துவந்த பாதையை, அதன் வெற்றிகளையும் சறுக்கல்களையும், இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே புரிந்துகொள்ள முடியும் என்று நினைக்கிறேன்.

கோடுகளை நேரில் கண்டு எண்ணிய முதல் நரம்பு மண்டலம் ஒரு புழுவினுடையது. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற அந்தப் புழு சுமார் ஒரு மில்லிமீட்டர் நீளம். அதன் இருபாலின வடிவத்தில் 302 நியூரான்கள். கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் தொடங்கிவைத்த வேலையை ஜான் வைட், ஐலீன் சௌத்கேட், நிக்கல் தாம்சன் ஆகியோர் ஆண்டுக்கணக்கில் செய்தார்கள். புழுவை மெல்லிய சீவல்களாக வெட்டி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொரு நரம்பிழையையும் படத்துக்குப் படம் கையாலேயே தொடர்ந்து போனார்கள். 1986இல் வெளிவந்த அந்தக் கட்டுரை 340 பக்கம். அதில் வரும் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் யாரோ ஒருவர் கண்ணால் பார்த்த ஒரு சினாப்ஸ், அதாவது இரண்டு நியூரான்கள் இணையும் இடம், இருக்கிறது.

இந்த உழைப்பு உலகப் புகழ்பெற்றது 12 ஆண்டுகள் கழித்து, இரண்டு கணிதர்கள் வழியாக. டங்கன் வாட்ஸும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸும் 1998இல் நேச்சர் இதழில் மூன்று வலைப்பின்னல்களை ஒப்பிட்டார்கள்: திரைப்பட நடிகர்கள், மேற்கு அமெரிக்காவின் மின்கட்டமைப்பு, இந்தப் புழுவின் நரம்பு மண்டலம். புழுவில் எந்த நியூரானிலிருந்தும் இன்னொன்றுக்குச் சராசரியாக 2.65 தாவல்களில் போய்விடலாம். அதே எண்ணிக்கையில் கணுக்களையும் கோடுகளையும் எடுத்துக் குருட்டாம்போக்கில் இணைத்தால் கிடைக்கும் 2.25க்கு அது நெருக்கமானது. ஆனால் அண்டை நியூரான்கள் தங்களுக்குள்ளும் இணைந்திருக்கும் அளவு குருட்டுவலையில் 0.05, புழுவில் 0.28. உள்ளூர் நெருக்கமும் தொலைதூரச் சுருக்கமும் ஒருசேர அமைந்த இந்த அமைப்புக்குச் சிறு உலகம் என்று பெயரானது. செய்திகளைப் பகுதி பகுதியாகக் கையாளவும் வேண்டும், முழுமைக்கும் விரைந்து பரப்பவும் வேண்டும் என்ற நிலையில் உள்ள எந்த நரம்பு மண்டலத்துக்கும் இது பொருந்தி வருமே என்று நரம்பறிவியலாளர்கள் நினைத்தது இயல்பு. மனித மூளையும் அப்படித்தானா என்ற கேள்வி எழுந்தது.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். ஹார்வர்டு ஆய்வாளர்களும் கூகுளும் சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஒரு கன மில்லிமீட்டர் மனித மூளைப் புறணித் துண்டில் மட்டும் சுமார் 57,000 உயிரணுக்களும் 15 கோடி சினாப்ஸ்களும் இருந்தன; அதன் படங்களைச் சேமிக்க 1,400 டெராபைட் தேவைப்பட்டது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனர் பிரித்துக் காட்டும் மிகச் சிறிய கனசதுரம் வழக்கமாக இரண்டு மில்லிமீட்டர் பக்கம் கொண்டது. கணக்கிட்டுப் பார்த்தால் அப்படி ஒரு கனசதுரத்துக்குள் 100 கோடிக்கு மேல் சினாப்ஸ்கள் அடங்கும். புழுவில் கோடு என்று எது குறிக்கப்பட்டதோ, அது மனிதப் படத்தில் தென்படவே தென்படாது. ஆகவே வேறொன்றைக் கோடு என்று கொள்ள வேண்டியிருந்தது.

2005இல் ஓலாஃப் ஸ்போர்ன்ஸ், ஜூலியோ டோனோனி, ரால்ஃப் கோட்டர் ஆகியோர் மனித மூளையின் முழு இணைப்புப் பட்டியலுக்குக் கனெக்டோம் என்று பெயரிட்டார்கள். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தில் பாத்ரிக் ஹாக்மான் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அதே பெயரைத் தனியாகவே கண்டடைந்திருந்தார். அதற்கான கோடுகளை எங்கிருந்து எடுப்பது என்பதற்கு அன்று இரண்டு வழிகள் இருந்தன. இன்றும் பெரும்பாலும் அதே இரண்டுதான்.

முதல் வழி, செயல்சார் எம்.ஆர்.ஐ. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறும்போது காந்தச் சமிக்ஞையும் மாறுகிறது என்பதை செய்ஜி ஒகாவா 1990இல் எலிகளில் காட்டினார். 1995இல் பரத் பிஸ்வாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள்: ஸ்கேனருக்குள் படுத்திருப்பவர் ஒரு வேலையும் செய்யாமல் இருக்கும்போதுகூட, மூளையின் இடது இயக்கப் புறணியும் வலது இயக்கப் புறணியும் சேர்ந்தே மெதுவாக ஏறி இறங்குகின்றன. இரைச்சல் என்று ஒதுக்கிவந்த அலைவுகளுக்குள் ஒழுங்கு இருந்தது. இதிலிருந்து கோட்டுரு செய்வது எளிது. மூளையைப் பல பகுதிகளாகப் பிரி. ஒவ்வொரு பகுதியின் ஏற்ற இறக்கத்தையும் நேரவரிசையாக எடு. ஒவ்வொரு இணையும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிடு. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் கோடு போடு. சோஃபி அஷார், எட் புல்மோர் குழுவினர் 2006இல் 90 பகுதிகளை வைத்து இதைச் செய்தார்கள். சிறு உலக அமைப்பும், ஏராளமான கோடுகள் குவியும் மையக்கணுக்களும் அதில் தெரிந்தன. 2009இல் புல்மோரும் ஸ்போர்ன்ஸும் எழுதிய தொகுப்புக் கட்டுரை இந்தத் துறையின் பாடநூல்போல் ஆனது. அடுத்த ஆண்டு மிக்கேல் ரூபினோவும் ஸ்போர்ன்ஸும் வேண்டிய கணிப்புகள் எல்லாவற்றையும் இலவச மென்பொருளாகத் தொகுத்துத் தந்தார்கள். ஸ்கேன் தரவு கையில் உள்ள எவரும் அதன்பின் சில மணி நேரத்தில் மூளைக் கோட்டுருவை அளந்துவிட முடிந்தது. கட்டுரைகள் பெருகின.

அந்தப் பெருக்கத்தில் கவனம் பெறாமல் போன கேள்வி, ஒட்டுறவு ஒரு கோடாகுமா என்பது. ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து மின்சாரம் பெறும் இரண்டு தெருக்களில் விளக்குகள் ஒரே நொடியில் அணையும். அதை வைத்து அந்த இரண்டு தெருக்களுக்கும் நடுவே கம்பி ஓடுகிறது என்று சொல்ல முடியாது. இது எல்லோருக்கும் தெரிந்த எச்சரிக்கைதான். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று ஒட்டுறவின் கணிதத்திலேயே இருக்கிறது. அ, ஆ என்ற இரண்டு பகுதிகளின் ஒட்டுறவு 0.8; ஆ, இ இரண்டின் ஒட்டுறவும் 0.8 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அ, இ இரண்டின் ஒட்டுறவு எவ்வளவாக இருக்கலாம்? நினைத்த எந்த அளவாகவும் இருந்துவிட முடியாது. 0.8ஐ 0.8ஆல் பெருக்கினால் 0.64; அதிலிருந்து மிஞ்சிய 0.36ஐக் கழித்தால் 0.28. அதற்குக் கீழே அது இறங்கவே முடியாது. அதாவது இரண்டு கோடுகளைப் போட்டதுமே மூன்றாவது கோடு தானாகப் பாதி வந்துவிடுகிறது. முக்கோணங்கள் பெருகுகின்றன. முக்கோணங்கள் பெருகுவதைத்தான் அண்டை நெருக்கம் என்று அளக்கிறோம். அதுதான் சிறு உலகத்தின் பாதி இலக்கணம். ஆண்ட்ரூ ஸலெஸ்கி, அலெக்ஸ் ஃபோர்னிட்டோ, புல்மோர் மூவரும் 2012இல் இதை விரிவாக நிறுவினார்கள்: ஒட்டுறவிலிருந்து செய்யப்படும் எந்த வலைப்பின்னலும், அடியில் என்ன இருந்தாலும், சிறு உலகத்தின் பக்கமே சாயும். புழுவில் இந்தக் கட்டாயம் இல்லை. அங்கே அ ஆவோடும், ஆ இயோடும் சினாப்ஸ் வைத்திருந்தால், அ இயோடு வைத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. ஆகவே புழுவின் 0.28க்கும் மனித ஸ்கேனில் கிடைக்கும் அதே அளவுக்கும் ஒரே பெயர் இருக்கலாம். ஒரே பொருள் இல்லை. இந்தத் துறையில் நுழைய விரும்பும் மாணவர் வேறெதைப் படிக்கும் முன்பும் இந்த ஒரு கட்டுரையைப் படிக்க வேண்டும் என்பேன்.

கோடு போடும் எல்லையை 0.3 என்று வைப்பதா, 0.5 என்று வைப்பதா, மூளையை 90 பகுதியாக வெட்டுவதா, 1,000 பகுதியாக வெட்டுவதா என்பதும் முடிவை மாற்றும். நோயாளிகளின் ஒட்டுறவுகள் ஒட்டுமொத்தமாகச் சற்றுக் குறைந்திருந்தால், ஒரே எல்லையை வைக்கும்போது அவர்களுடைய கோட்டுருவில் கோடுகளே குறைவாக இருக்கும். கோடுகளின் எண்ணிக்கை மாறினால் மற்ற எல்லா அளவுகளும் மாறும். வலைப்பின்னலின் அமைப்பு நோயில் சிதைந்துவிட்டது என்று எழுதப்பட்ட சில முடிவுகளுக்குப் பின்னால் இருந்தது இவ்வளவுதான்.

இன்னும் பெரிய அதிர்ச்சி தலையசைவிலிருந்து வந்தது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவன் பீட்டர்சன், பிராட்லி ஷ்லகார் குழுவினர் குழந்தைகளின் மூளை வளர்வதைக் கோட்டுருக்களால் ஆராய்ந்துவந்தார்கள். குழந்தைகளிடம் அருகருகே உள்ள பகுதிகள்தான் அதிகம் இணைந்திருக்கின்றன, வளர வளரத் தொலைதூர இணைப்புகள் வலுப்பெறுகின்றன என்பது அவர்கள் கண்ட முடிவு. 2009இல் வெளிவந்து பரவலாக மேற்கோள் காட்டப்பட்டது. பிறகு அதே ஆய்வகத்தின் ஜொனாதன் பவர், மூளையை விட்டுவிட்டு ஸ்கேனரின் அசைவுப் பதிவுகளைக் கூர்ந்து பார்த்தார். ஒரு மில்லிமீட்டரின் சிறு பின்னமே ஆன தலையசைவுகூட அருகருகே உள்ள பகுதிகளின் ஒட்டுறவைக் கூட்டி, தொலைதூர ஒட்டுறவைக் குறைக்கிறது. வழக்கமான திருத்தங்களைச் செய்தபின்னும் அது மறைவதில்லை. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள். ஆக, வளர்ச்சியின் கையொப்பம் என்று படித்ததன் கணிசமான பகுதி அசைவின் கையொப்பமாக இருந்தது. 2012இல் அந்தக் குழுவே தன் பழைய தரவையும் சேர்த்து ஆராய்ந்து இதை வெளியிட்டது. தான் கட்டியதைத் தானே தட்டிப் பார்த்து, விரிசலை எல்லோருக்கும் காட்டிய அந்த நேர்மைக்கு இந்தத் துறை பெரிதும் கடன்பட்டிருக்கிறது. ஆட்டிசம், கவனக்குறைவு மிகைச்செயல் கோளாறு போன்ற நிலைகளில் உள்ள குழந்தைகளும் ஸ்கேனருக்குள் அதிகம் அசையக்கூடியவர்கள் என்பதால், அவர்களைப் பற்றி அதற்கு முன் எழுதப்பட்டவை பலவற்றையும் மறுபடி சரிபார்க்க நேர்ந்தது.

கோடு பெறுவதற்கான இரண்டாவது வழி, நீர் மூலக்கூறுகளின் விரவலை அளக்கும் எம்.ஆர்.ஐ. நரம்பிழைக் கற்றையின் போக்கிலேயே நீர் எளிதாக நகரும், குறுக்கே நகரத் தடைப்படும். ஒவ்வொரு கனசதுரத்திலும் நீர் எந்தத் திசையில் எளிதாக நகர்கிறது என்று கண்டு, திசைகளைக் கோத்துக்கொண்டே போனால் கற்றையின் தடம் கிடைக்கும். இங்கே கோடு என்பது ஓர் உடல்பொருளைச் சுட்டுவதால் ஒட்டுறவைவிட நம்பகமானது என்று தோன்றும். 2008இல் ஹாக்மான், ஸ்போர்ன்ஸ் குழுவினர் ஐந்து பேரின் மூளைகளை 998 சிறு பகுதிகளாகப் பிரித்து வரைந்த கோட்டுரு, மூளையின் பின்புற நடுப்பகுதியில் அடர்ந்த மையம் ஒன்று இருப்பதைக் காட்டியது. 2011இல் மார்ட்டின் வான் டென் ஹூவலும் ஸ்போர்ன்ஸும், மையக்கணுக்கள் தங்களுக்குள்ளேயே மிகுதியாக இணைந்து ஒரு தனி வட்டம் அமைத்திருப்பதைச் சொன்னார்கள். ஆனால் ஒரே கனசதுரத்துக்குள் இரண்டு மூன்று கற்றைகள் குறுக்கிட்டால், கணினி எந்தக் கற்றையில் ஏறி எதில் இறங்கியது என்று எப்படித் தெரியும்? 2017இல் கிளௌஸ் மையர்-ஹைன் ஒருங்கிணைத்த சோதனை இதற்கு நேரான விடை தந்தது. விடை முன்பே தெரிந்த, கணினியில் செயற்கையாக உருவாக்கிய மூளைத் தரவை 20 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். அதில் 25 கற்றைகள் இருந்தன. பெரும்பாலானவற்றைக் குழுக்கள் ஓரளவாவது கண்டுபிடித்துவிட்டன. கூடவே, இருந்த கற்றைகளைவிட அதிக எண்ணிக்கையில் இல்லாத கற்றைகளையும் வரைந்திருந்தன. வெவ்வேறு குழுக்கள் அதே இல்லாத கற்றைகளைத் திரும்பத் திரும்ப வரைந்ததுதான் உறுத்தும் செய்தி. தற்செயல் பிழை சராசரியில் கரைந்துவிடும். இப்படிப்பட்ட பிழை எத்தனை பேரின் தரவைச் சேர்த்தாலும் கரையாது.

விலங்குகளில் வேறு வழி உண்டு. மூளையின் ஓரிடத்தில் சாயப்பொருளைச் செலுத்தினால், அது நரம்பிழை வழியே பயணித்து எங்கெங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்துவிடலாம். கோட்டின் திசையும் தெரியும். டேனியல் ஃபெல்லமன், டேவிட் வான் எசன் இருவரும் 1991இல் மகாக் குரங்கின் பார்வை தொடர்பான 32 பகுதிகளுக்கிடையே 305 பாதைகளைத் தொகுத்தார்கள். பின்னர் பிரான்சின் லியோன் நகரில் ஹென்றி கென்னடி குழுவினர் இன்னும் நுணுக்கமாகச் செலுத்தி எண்ணியபோது, இருக்கக்கூடிய இணைப்புகளில் சுமார் 66 சதவீதம் உண்மையாகவே இருந்தன. மூன்றில் இரண்டு பங்கு கோடுகள் நிரம்பிய கோட்டுருவில் எல்லோரும் எல்லோருக்கும் ஒன்றிரண்டு தாவல் தூரத்தில்தான் இருப்பார்கள். குறுக்குவழி என்ற சொல்லுக்கே அங்கு வேலை இல்லை. வேறுபாடு கோடுகளின் தடிமனில் இருக்கிறது: வலுவான இணைப்புக்கும் நலிந்த இணைப்புக்கும் இடையே லட்சம் மடங்கு வரை வித்தியாசம். மூளை சிறு உலகம்தானா என்று கிளாஸ் ஹில்கெட்டாக் போன்றவர்கள் 2016இல் மறுபடியும் கேட்டதற்கு இது ஒரு காரணம். கோடு உண்டா இல்லையா என்ற கேள்வியிலிருந்து கோட்டின் எடை என்ன என்ற கேள்விக்கு ஆய்வு நகர்ந்திருக்கிறது. அது நல்ல நகர்வு.

இவ்வளவு ஐயங்களையும் தாண்டி எது நின்றிருக்கிறது? நோய் பரவும் விதம் பற்றிய ஆய்வுகள்தான் என்பது என் மதிப்பீடு. 2009இல் வில்லியம் சீலி குழுவினர், ஐந்து வகை மறதிநோய்களில் மூளை சுருங்கும் இடங்கள், நலமுள்ளவர்களின் மூளையில் சேர்ந்து இயங்கும் ஐந்து வலைப்பின்னல்களோடு ஒத்துப்போவதைக் காட்டினார்கள். நோய் அக்கம்பக்கத்தில் பரவாமல் இணைப்பு வழியே பரவுகிறது என்ற எண்ணம் வலுத்தது. 2012இல் அஷீஷ் ராஜ் இதற்கு ஒரு சமன்பாடு எழுதினார். அதன் எளிமையே அதன் அழகு. கோட்டுருவின் ஒவ்வொரு கணுவிலும் நோயைப் பரப்பும் தீய புரதம் ஓரளவு இருக்கிறது. ஒரு கணுவுக்கும் அதன் அண்டைக் கணுக்களுக்கும் உள்ள அளவு வேறுபாட்டுக்கேற்ப, கோட்டின் எடைக்கேற்ப, அது வழிந்தோடும். எழுதிப் பார்த்தால் உலோகத் தகட்டில் வெப்பம் பரவும் அதே சமன்பாடு. தகட்டின் இடத்தில் கோட்டுருவின் லாப்லாசியன் அணி வந்து உட்கார்கிறது. அந்த அணியின் சிறிய ஐகன் மதிப்புகளுக்குரிய அமைப்புகள் மெதுவாகத் தேயும். ஆகவே அவையே நெடுங்காலம் நிலைத்து நிற்கும். நலமுள்ளவர்களின் விரவல் எம்.ஆர்.ஐ. இணைப்புகளை மட்டும் கொண்டு ராஜ் கணக்கிட்ட இந்த அமைப்புகளில் சில, அல்சைமர் நோயிலும் நெற்றி-பொட்டு மடல் மறதிநோயிலும் மூளை சுருங்கும் இடங்களை ஒத்திருந்தன. விரவல் எம்.ஆர்.ஐ.யின் பிழைகள் இங்கே அவ்வளவாகக் காயப்படுத்தாததற்கும் காரணம் உண்டு. இந்த மெதுவான அமைப்புகளைத் தீர்மானிப்பவை கோட்டுருவின் பெரும்போக்குகளே. தனியொரு கோடு தவறினால் அவை அதிகம் அசைவதில்லை. எந்தக் கேள்விக்கு எவ்வளவு துல்லியமான கோடு போதும் என்று தெரிந்து கேட்டதுதான் இந்த வெற்றியின் அடித்தளம். மார்சேயில் விக்டர் யிர்சா குழுவினர் வலிப்பு நோயாளியின் சொந்த இணைப்புகளைக் கொண்டு கணினியில் அவருடைய மூளையை மாதிரியாக அமைத்து, வலிப்பு எங்கே தொடங்கி எப்படிப் பரவுகிறது என்று கண்டு அறுவைசிகிச்சைக்குத் துணைசெய்ய முயல்வதும் இதே வழியில் வருகிறது.

மையக்கணுக்களைப் பற்றிய முடிவுகள் பாதி நின்றன. அல்சைமர் நோயில் அமிலாய்டு படியும் இடங்கள் புறணியின் மையக்கணுக்களோடு பெரிதும் ஒன்றுகின்றன என்று ராண்டி பக்னர் 2009இல் சொன்னார். 2014இல் நிக்கோலஸ் கிராஸ்லி குழுவினர் 26 வகை மூளைக் கோளாறுகளின் படங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, சேதங்கள் மையக்கணுக்களில் குவிவது தெரிந்தது. ஆனால் 2013இல் ஜொனாதன் பவர் ஓர் உறுத்தலான உண்மையை முன்வைத்திருந்தார். ஒட்டுறவுக் கோட்டுருவில் ஒரு கணுவுக்கு நிறையக் கோடுகள் இருந்தால், அது பெரிய குழுமத்தில் பிறந்தது என்றே பெரும்பாலும் பொருள். முக்கியமானது எது என்று அறிய, அதன் கோடுகள் எத்தனை வெவ்வேறு குழுமங்களுக்குப் பிரிந்து செல்கின்றன என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மையக்கணுக்களின் பட்டியலே வேறாகிறது.

தனிமனிதர்களைப் பற்றி இந்தக் கோட்டுருக்கள் என்ன சொல்லும்? 2015இல் எமிலி ஃபின் குழுவினர் 126 பேரின் ஒட்டுறவு அணிகளை எடுத்து, ஒரு நாள் எடுத்த அணியை வைத்து மறுநாள் அணிகளில் அதே ஆளை அடையாளம் காண முடியுமா என்று பார்த்தார்கள். 90 சதவீதத்துக்கும் மேல் முடிந்தது. கைரேகைபோல் ஒவ்வொருவருக்கும் ஒரு கோட்டுரு என்று உற்சாகம் பிறந்தது. அதிலிருந்து ஒருவரின் அறிவுத்திறனையும் மனநோய் வாய்ப்பையும் படித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் பிறந்தது. 2022இல் ஸ்காட் மாரெக், நிக்கோ டோசன்பாக் குழுவினர் சுமார் 50,000 பேரின் தரவை ஆராய்ந்து அந்த நம்பிக்கையின் விலையைச் சொன்னார்கள்: மூளை இணைப்புக்கும் மனத்திறனுக்கும் உள்ள உறவுகள் மிகச் சிறியவை, அவற்றை உறுதியாகக் காண ஆயிரக்கணக்கானோர் வேண்டும். அதுவரை வந்த ஆய்வுகளின் வழக்கமான அளவு சுமார் 25 பேர்தான். ஒருவரை அடையாளம் காண்பதும் அவரை அறிவதும் வேறுவேறு. கோட்டுரு நரம்பியல் வலைகள் என்ற செயற்கை நுண்ணறிவு உத்திகள் இப்போது இந்தத் தரவின்மேல் பெருமளவில் ஏவப்படுகின்றன. ஆனால் 2020இல் டோங் ஹே, தாமஸ் இயோ குழுவினர் பொறுமையாக ஒப்பிட்டபோது, ஆழ்கற்றல் மாதிரிகள் பழைய எளிய ரிக்ரெஷன் உத்தியைக் காட்டிலும் மேலாகக் கணிக்கவில்லை. கோடு மங்கலாக இருக்கும்போது கணிப்பானைக் கூர்தீட்டுவதால் கிடைக்கும் பலன் கொஞ்சமே.

கணிதர்கள் பக்கத்திலிருந்து வரும் புதிய போக்குகளில் என்னை ஈர்ப்பவை கணுவை விட்டுக் கோட்டையே பொருளாக எடுத்தவை. வடிவ கணிதத்தில் ஒரு பரப்பின் வளைவை அளக்கும் ரிச்சி வளைமையைக் கோட்டுருக்களுக்குப் பொருத்தினால், ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எண் கிடைக்கும். நெருங்கிய கூட்டத்துக்குள் ஓடும் கோட்டுக்கு அது நேர்க்குறியை நோக்கிச் செல்லும்; இரண்டு கூட்டங்களுக்கிடையே பாலமாக நிற்கும் கோட்டுக்கு எதிர்க்குறியை நோக்கிச் செல்லும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் கழகத்தில் அரீஜித் சமால் குழுவினர் ஜெர்மனியின் யூர்கன் யோஸ்ட் முதலானோருடன் சேர்ந்து இந்த அளவைப் பல ஆண்டுகளாக வளர்த்து, 2022இல் ஆட்டிசம் உள்ளவர்களின் ஓய்வுநிலை வலைப்பின்னல்களில் பயன்படுத்தினார்கள். கணுவளவிலும் கோட்டளவிலும் வேறுபாடுகள் எங்கே இருக்கின்றன என்று அதனால் சுட்டிக்காட்ட முடிந்தது. அதே கழகத்தில் சிதப்ர சின்ஹா புழு, மகாக் குரங்கு ஆகியவற்றின் வலைப்பின்னல்களை ஆராய்ந்துவருகிறார். இதற்கு நேரெதிரான திசையிலிருந்து 2023இல் ஜேம்ஸ் பாங், ஃபோர்னிட்டோ குழுவினர் ஒரு கேள்வியை எறிந்தார்கள்: இணைப்புகளே வேண்டாம், புறணிப் பரப்பின் மடிப்பு வடிவத்தை மட்டும் எடுத்து அதன் அதிர்வமைப்புகளைக் கணக்கிட்டால் என்ன? 10,000க்கும் மேற்பட்ட செயல்பாட்டுப் படங்களை அது கனெக்டோமைவிட நன்றாக விளக்கியது. தோற்றது மூளையின் இணைப்பா, அல்லது அந்த இணைப்பை நாம் வரைந்த விதமா என்ற விவாதம் ஓயவில்லை. இரண்டாவதுதான் என்று நான் சாய்கிறேன். நிறுவ இன்னும் நல்ல கோடுகள் வேண்டும்.

நல்ல கோடுகள் இப்போது நுண்ணோக்கியிலிருந்து வரத் தொடங்கியிருக்கின்றன. 2024 அக்டோபரில் பிரின்ஸ்டனின் மாலா மூர்த்தி, செபாஸ்டியன் சியுங் ஆகியோர் தலைமையில் ஃபிளைவயர் குழுவினர் பழ ஈயின் முழு மூளையையும் வெளியிட்டார்கள்: 1,39,255 நியூரான்கள், 5 கோடிக்கும் அதிகமான சினாப்ஸ்கள். கணினி வரைந்த தடங்களை மனிதர்கள் திருத்த எடுத்த உழைப்பு, தனியொருவர் செய்தால் 33 ஆண்டுகளாகும் என்று கணக்கிட்டார்கள். எம்.ஆர்.ஐ. கோட்டுருக்களில் கண்ட மையக்கணுக்களின் தனி வட்டம் இங்கே ஊகமின்றித் தெரிந்தது. மூளையின் நியூரான்களில் சுமார் 30 சதவீதம் அதில் சேரும் என்பது யாரும் எதிர்பாராத அளவு. இணைப்புகளை மட்டும் கொடுத்து ஈயின் பார்வை நியூரான்கள் எப்படி இயங்கும் என்று கணித்த ஆய்வுகளும் அதே ஆண்டில் வந்தன. ஆனாலும் கண்ணால் கண்ட கோடும் முழுக் கதை சொல்வதில்லை. 2023இல் ஆண்ட்ரூ லைஃபர் குழுவினர் புழுவின் நியூரான்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, மற்றவை எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று 23,433 இணைகளில் அளந்தார்கள். உடற்கூற்று வரைபடம் முன்சொன்னதிலிருந்து சமிக்ஞைகள் பல இடங்களில் விலகிச் சென்றன. சினாப்ஸ் இல்லாத இடத்திலும் நரம்புப் பெப்டைடுகள் வழியே தகவல் போகிறது. அந்தக் கோடுகள் எந்தச் சீவலிலும் தெரியாது. வேதிக்கோடுகளைத் தனியடுக்காகச் சேர்த்து அடுக்குக் கோட்டுருக்கள் எழுதுவது இப்போது தனிக்கிளையாக வளர்ந்துவருகிறது.

இரண்டு வகைக் கோடுகளையும் ஒரே விலங்கில் அருகருகே வைத்துப் பார்த்த ஆய்வு 2025 ஏப்ரலில் வந்தது. பேலர் மருத்துவக் கல்லூரி, ஆலன் நிறுவனம், பிரின்ஸ்டன் மூன்றும் சேர்ந்து ஒரு சுண்டெலிக்குத் திரைப்படக் காட்சிகளைக் காட்டி, அதன் பார்வைப் புறணியில் சுமார் 75,000 நியூரான்களின் இயக்கத்தைப் பதிவுசெய்தன. பிறகு அதே ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சீவிப் பார்த்தன: இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரணுக்கள், 52.3 கோடி சினாப்ஸ்கள். ஒரேவிதமாக எதிர்வினை காட்டும் நியூரான்கள் தங்களுக்குள் சினாப்ஸ் வைத்துக்கொள்ள முனைகின்றன என்பது உறுதியானது. ஒட்டுறவு இணைப்பின் அறிகுறிதான். ஆனால் ஒரு சாய்வைச் சொல்லும் அளவுக்கே அறிகுறி. ஒத்தியங்கியும் இணையாத இணைகள் ஏராளம். ஒட்டுறவு எவ்வளவு இருந்தால் சினாப்ஸ் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை இனி ஊகிக்க வேண்டியதில்லை, அந்தத் துண்டிலேயே எண்ணிவிடலாம். அதே கணக்கை ஸ்கேனரின் இரண்டு மில்லிமீட்டர் கனசதுரங்களுக்கும் செய்ய வேண்டுமானால், எம்.ஆர்.ஐ. எடுத்த அதே மூளையைப் பின்னர் சீவிப் பார்க்க வேண்டும். முழுச் சுண்டெலி மூளையின் அளவு ஏறத்தாழ அரைக் கன சென்டிமீட்டர். இதுவரை சீவியதைப்போல் சுமார் 500 மடங்கு. அதற்கான நுண்ணோக்கிகளும் திருத்தும் மென்பொருள்களும் இப்போது உருவாகிக்கொண்டிருக்கின்றன.